பழ சாலட் செய்வோம், வாருங்கள்!



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது எங்கள் வகுப்பில் ஒருவன் ரோபோவைப் பற்றி எழுதுகிறேன் என்றான். இன்னொருவன் மின்சாரக் கார் என்றான். நான் பழ சாலட் என்றேன். வகுப்பே சிரித்தது. "மெக்கானிக்கல் படிக்கிறவன் கரண்டியைப் பத்தி எழுதப் போறான்டா" என்று கிண்டல் வேறு. சிரிக்கட்டும். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த பிறகும் சிரித்தால் நான் ஒப்புக்கொள்கிறேன்.

பழம் நமக்குப் புதிது அல்ல. நம் தருமபுரியின் பழைய பெயர் தகடூர். இதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்ததைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். புறநானூற்றின் 91-ஆம் பாடல் அதைத்தான் பேசுகிறது. ஆக, பழத்தைக் கொடுத்துப் பேர் வாங்கிய ஊர் இது. ஆனால் பழத்தை வெட்டிக் கொடுத்து மானம் போன கதை ஒன்றும் இந்த ஊரில் உண்டு. அது என் கதை.

போன வருஷம் நடந்தது

போன வருஷம் ஜூலையில் பேரவைத் தொடக்க விழாவுக்கு ஒவ்வொரு துறையும் ஒரு ஸ்டால் போட வேண்டும் என்றார்கள். "பழ சாலட் போடலாம், மாம்பழம் நான் கொண்டு வர்றேன்" என்று வாய்விட்டவன் நான். என் அம்மா காரிமங்கலம் பக்கம் மாந்தோப்பில் கூலி வேலை செய்கிறார். பறித்த காயைத் தரம் பிரித்துக் கிரேடில் அடுக்குவது அவர் வேலை. அப்பா மூட்டை தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் "காலேஜ்ல விழா" என்று சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு நாள் கூலிக்குப் பதிலாக ஒரு கிரேடு பழம் வாங்கி, இரண்டு கட்டைப் பைகளில் போட்டு, டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து கேட்டிலேயே கொடுத்தார். "உள்ள வாம்மா" என்றேன். "இந்தப் பொடவையோட வேணாம் கண்ணு. எல்லாருக்கும் நல்லா குடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

நாங்கள் காலை 7 மணிக்கே வெட்ட ஆரம்பித்தோம். மாம்பழம், ஆப்பிள், வாழை, அன்னாசி, தர்பூசணி எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டினோம். மேலே ஒரு கிலோ சர்க்கரை. அதற்கும் மேலே இரண்டு லிட்டர் பால். மூடி வைத்துவிட்டுத் தோரணம் கட்டப் போய்விட்டோம். பகல் பன்னிரண்டரைக்கு மூடியைத் திறந்தால் ஆப்பிள் துருப்பிடித்த இரும்பு மாதிரி இருக்கிறது. வாழைப்பழம் கறுத்துவிட்டது. அண்டாவில் பாதி தண்ணீர். பால் திரிந்து, வாயில் வைத்தால் ஒரே கசப்பு. எங்கள் ஆசிரியர் ஒருவர் மோந்து பார்த்துவிட்டு, "இதை யாருக்கும் குடுக்காதீங்கப்பா" என்றார். மைதானத்துக்குப் பின்னால் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டினோம்.

சாயங்காலம் வீட்டில் அம்மா கேட்டார், "எல்லாரும் சாப்ட்டாங்களா?"

"சாப்ட்டாங்கம்மா" என்றேன்.

அந்தப் பொய்தான் என்னை இந்த விஷயத்தைப் படிக்க வைத்தது. முகூர்த்த நாட்களில் நான் கேட்டரிங் வேலைக்குப் போவேன். பந்தி பரிமாறுவேன், இலை எடுப்பேன், அதில்தான் என் கைச்செலவு. அங்கே உள்ள மாஸ்டரிடம் 'எப்படி' என்று கேட்டேன். நம் வேதியியல் புத்தகத்தில் 'ஏன்' என்று தேடினேன். இரண்டையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

பழம் ஏன் கறுக்கிறது?

ஆப்பிள், வாழை, பேரிக்காய் போன்ற பழங்களின் செல்லுக்குள் பீனால் வகைப் பொருள்கள் ஓர் இடத்திலும், பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் இருக்கின்றன. பழம் முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. கத்தி பட்டதும் செல் உடைகிறது. இரண்டும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்கிறது. விளைவு, பழுப்பு நிறம். அடிபட்ட மாம்பழத்தில் கறுப்பு விழுவதும் இப்படித்தான்.

இதைத் தடுக்க எலுமிச்சைச் சாறு போதும். எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை வேலை செய்ய விடாது. அதிலுள்ள வைட்டமின் சி ஆக்சிஜனோடு முதலில் தான் போய்ச் சேர்ந்து பழத்தைக் காப்பாற்றும். வெட்டிய உடனே பிழிந்து புரட்ட வேண்டும். கறுத்த பிறகு எத்தனை பழம் பிழிந்தாலும் நிறம் திரும்பாது.

இதில் நம் துறைக்கும் ஒரு சங்கதி உண்டு. இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் பழத்தின் துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து இன்னும் கறுக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தியில் அந்தத் தொல்லை இல்லை. ஏன்? அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அது மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகப் படிந்து இரும்பை வெளியே விடுவதில்லை. மெட்டலர்ஜி பாடம் சமையல்கட்டுக்கும் உதவுகிறது, பார்த்தீர்களா?

தண்ணீர் ஏன் விட்டது?

சர்க்கரைதான் காரணம். பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் படித்தோமே, அதேதான். வெளியே சர்க்கரைக் கரைசல் அடர்த்தியாக இருந்தால் பழத்துக்குள் இருக்கும் நீர் வெளியே வரும். தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் நீர்தான். அதன்மேல் சர்க்கரையைக் கொட்டி ஐந்து மணி நேரம் வைத்தால் அண்டாவில் குளம்தான் மிஞ்சும்.

"அப்போ பழனி பஞ்சாமிர்தம் மட்டும் எப்படிக் கெடாம இருக்கு?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. பஞ்சாமிர்தமும் ஒரு பழக்கலவைதான். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கூடவே பேரீச்சையும் கற்கண்டும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. மலையில் விளையும் விருப்பாச்சி வாழையில் நீர்ச்சத்தும் குறைவு. இருக்கிற கொஞ்ச நீரையும் அவ்வளவு சர்க்கரையும் தேனும் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமி வளர நீர் கிடைப்பதில்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் பழ சாலட் அதற்கு நேர் எதிர். இங்கே நீர்தான் சுவை, அதனால் இதைச் சேமிக்க முடியாது. வெட்டியதும் சாப்பிட வேண்டும்.

பால் ஏன் கசந்தது?

பழத்தின் புளிப்பால் பால் திரிந்தது, அது தெரிந்த விஷயம். கசப்புக்குக் காரணம் அன்னாசி. பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. அது பாலிலுள்ள புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். அந்தத் துண்டுகள்தான் கசக்கும். பப்பாளியிலும் பப்பைன் என்று இதே மாதிரி ஒன்று உண்டு, காயில் அதிகம், கனிந்த பழத்தில் குறைவு. அன்னாசி சாப்பிட்டால் நாக்கு அரிக்கிறதே, அதற்கும் இந்த நொதிக்குப் பங்கு உண்டு.

மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். "எனக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது தம்பி. அன்னாசியைச் சர்க்கரைத் தண்ணில கொதிக்க வெச்சு ஆற வெச்சுதான் போடுவோம்" என்றார். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். புத்தகம் படிக்காமலே அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்!

எந்தப் பழம் வாங்கலாம்?

சாலட் என்றதும் ஆப்பிள், கிவி என்று ஓடாதீர்கள். நம் மண்ணில் விளைவதே போதும். நம் பக்கம் பெங்களூரா, நீலம், செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா எல்லாம் விளைகின்றன. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன் அந்தத் தோப்புகளும் நம் மாவட்டக் கணக்கில்தான் இருந்தன. பெங்களூராவை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. "அது கூழ் பேக்டரிக்குப் போற பழம்" என்பார்கள். ஆனால் சாலட்டுக்கு அதுதான் ராஜா. சதை கெட்டி, நார் குறைவு, வெட்டிய துண்டு உடையாது. 2025 பருவத்தில் இந்தப் பெங்களூராவின் விலை சரிந்து விவசாயிகள் தவித்தார்களே, அப்போது தோப்பு வேலையும் குறைந்து எங்கள் வீட்டு அடுப்பும் அதை உணர்ந்தது. நாம் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கிச் சாப்பிட்டால் விலை ஏறிவிடாது. ஆனாலும் நம்ம ஊர்ப் பழத்தை நாமே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்?

கொய்யாவையும் விட்டுவிடாதீர்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் சுமார் 50 தான். விலை எதில் அதிகம் என்று உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் நம் பக்கத்துக் குன்றுகளிலிருந்து சீத்தாப்பழம் வரும். அதை வெட்ட முடியாது. கொட்டை நீக்கிய சதையைச் சாலட்டின்மேல் ஒரு கரண்டி வைத்தால் ஐஸ்கிரீம் தோற்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. மாம்பழம் முழுக்க ஒரே மஞ்சளாக, ஆனால் வாசனையே இல்லாமல், வெட்டினால் உள்ளே வெளுப்பாக இருந்தால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததோ என்று சந்தேகப்படுங்கள். கார்பைடு என்றால் என்ன? நம் வெல்டிங் ஷாப்பில் படித்தோமே, கால்சியம் கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு வரும் என்று, அதேதான். காற்றிலுள்ள ஈரமே போதும், வாயு வந்து காய் நிறம் மாறும். ஆனால் அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். அதனால் பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவது நம் நாட்டில் சட்டப்படி தடை. முற்றிய காயை வைக்கோலில் வைத்தால் சில நாளில் தானே கனியும். பெங்களூரா முற்றியதா என்று அம்மா காம்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். காம்படியில் தோள் புடைத்திருக்க வேண்டுமாம்.

சுத்தம்: இங்கேதான் உயிர் இருக்கிறது

கறுத்துப்போனால் மானம்தான் போகும். அசுத்தமானால் வயிறு போகும். அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

தோல் சீவப் போகிற பழம்தானே என்று கழுவாமல் விடாதீர்கள். தோலில் உள்ள மண்ணையும் கிருமியையும் கத்தி உள்ளே கொண்டு போகும். தர்பூசணியையும் மாம்பழத்தையும் முழுசாகவே, ஓடும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். மாங்காம்பில் வடிந்த பால் உதட்டில் பட்டால் வெந்துவிடும், அதையும் கழுவ வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருப்பவர் அன்றைக்குத் தோரணம் கட்டப் போகட்டும்.

5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் கிருமி வேகமாகப் பெருகும். வெட்டிய பழத்தை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். நம்ம ஊர் வெயிலுக்கு எது பொருந்தும் என்று சொல்லவே வேண்டாம். மாஸ்டர் இதைத் தம் பாணியில் சொன்னார்: "பழத்துல கத்தி வெச்ச உடனே கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும் தம்பி. நீ பழத்தைப் பார்க்காத, மணியைப் பாரு."

குளிர வைக்க ஐஸ் கட்டியை உள்ளே போடாதீர்கள். பாத்திரத்தை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் எல்லாம் குடிநீரில் செய்தது அல்ல. மீனுக்கும் சரக்குக்கும் போடுகிற, உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-இலேயே விதி வந்துவிட்டது. நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

செய்முறை (20 பேருக்கு)

நாளொன்றுக்கு ஒருவர் 100 கிராம் பழமாவது சாப்பிட வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. அதையே ஒரு கப் அளவாக வைத்துக்கொண்டேன். 20 பேருக்குத் தோல், கொட்டை போக 2 கிலோ வேண்டும்.

பெங்களூரா மாம்பழம் 1 கிலோ
பழுத்த, கெட்டியான பப்பாளி 1 கிலோ
கொய்யா அரை கிலோ
ஏலக்கி வாழைப்பழம் 6
மாதுளை 1
எலுமிச்சை 3
தேன் 4 மேசைக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

1. எல்லாப் பழத்தையும் முந்தின நாள் இரவே வாங்கி, கழுவித் துடைத்து வையுங்கள். வெட்டக் கூடாது.

2. பரிமாறும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஆரம்பியுங்கள். கடிகாரம் எதிரில் இருக்கட்டும்.

3. முதலில் மாதுளையை உதிர்த்து வையுங்கள். அதற்கு ஒன்றும் ஆகாது. அடுத்து மாம்பழமும் பப்பாளியும், அதற்கடுத்து கொய்யா. வாழைப்பழம் கடைசி, பரிமாற ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் அதன் தோலை உரிக்க வேண்டும்.

4. துண்டுகள் ஒரே அளவாக இருக்கட்டும். 15 மில்லிமீட்டர் கனசதுரம் நல்ல அளவு, டாலரன்ஸ் 2 மில்லிமீட்டர் கொடுக்கலாம்! வெர்னியர் எடுக்க வேண்டாம், முதல் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து மற்றதை வெட்டினால் போதும். ஒரே அளவாக இருந்தால் ஒரு கரண்டியில் எல்லாப் பழமும் வரும்.

5. கொய்யாவையும் வாழையையும் வெட்டிய உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டுங்கள்.

6. தேனையும் மீதிச் சாற்றையும் உப்பையும் கலந்து தனியாக வையுங்கள். பரிமாறும்போது மட்டும் ஊற்றி, இரண்டு கரண்டியால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டுங்கள். கிளறினால் கூழாகிவிடும்.

பாத்திரம் எவர்சில்வராகவோ பீங்கானாகவோ இருக்கட்டும். அலுமினிய அண்டா வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். பால் வேண்டவே வேண்டாம். விரும்புகிறவர்களுக்குக் கப்பில் தனியாக ஐஸ்கிரீம் வைத்துக் கொடுங்கள்.

பரிமாறும் அழகு

அழகுக்குப் பணம் தேவையில்லை, ஒழுங்குதான் தேவை. கப்பில் அடியில் மஞ்சள் மாம்பழம், அதன்மேல் சிவந்த பப்பாளி, பக்கத்தில் வெள்ளைக் கொய்யா, உச்சியில் பத்து மாதுளை முத்து. ஓரத்தில் ஒரு புதினா இலை. கப்பை முக்கால் அளவுதான் நிரப்ப வேண்டும், விளிம்பில் வழிந்தால் துடைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். மாஸ்டர் இடுப்பில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி தொங்குவது இதற்குத்தான்.

பிளாஸ்டிக் கப் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பாக்குமட்டைக் கிண்ணம் வாங்கலாம். செலவில்லாமல் வேண்டுமானால் தர்பூசணி ஓட்டைப் பாதியாக வெட்டிச் சதையை வழித்தெடுத்துவிட்டு அதையே பாத்திரமாக வையுங்கள். பார்ப்பவர்கள் முதலில் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள்.

இந்த வருஷம்

இந்த வருஷம் ஜூலையில் மறுபடி பழ சாலட் ஸ்டால்தான் என்றேன். துறையில் யாருமே ஒத்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கிறேன் என்று சொல்லித்தான் வாங்கினேன். ஐந்து பேர், ஐந்து கத்தி, ஆளுக்கு ஒரு பழம். ஐம்பது நிமிடத்தில் வெட்டி முடித்தோம். 100 கப்பும் முக்கால் மணி நேரத்தில் காலி.

அம்மாவை இந்த முறை கேட்டிலிருந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். முதல் கப் அவருக்கு. அம்மா கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம பெங்களூராவா?" என்றார். அவர் ஆயிரக்கணக்கான கிரேடு அடுக்கியிருப்பார். நல்ல பழம் லாரிக்கு, அடிபட்டது வீட்டுக்கு. அடிபடாத பழத்தை வெட்டி ஒருவர் கையில் கொடுத்து அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பாதி சாப்பிட்டுவிட்டுக் கேட்டார், "போன வருஷமும் இப்படித்தான் இருந்துச்சா?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். குழி தோண்டிக் கொட்டியதையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கு ராத்திரி நீ சோறே சரியா திங்கல. அப்பவே நெனச்சேன்" என்றார். கப்பில் மிச்சமிருந்ததையும் சாப்பிட்டு முடித்தார்.

நண்பர்களே, வொர்க்‌ஷாப்பில் ஒரு வேலை கெட்டுப்போனால் மெட்டீரியல்தானே என்று நினைக்கிறோம். அந்த மெட்டீரியலுக்குப் பின்னால் ஒருவருடைய ஒரு நாள் கூலி இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு அண்டா பழம். நீங்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து பாருங்கள். கழுவுங்கள், மணியைப் பாருங்கள், வாழைப்பழத்தைக் கடைசியில் வெட்டுங்கள். முதல் கப்பை யாருக்குக் கொடுப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை